ஏழு தண்ணியும் வெள்ளரிக்காய்ப் பலகையும்

அவள் பிறந்ததும் அழவில்லையாம். கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்து, 'இதில் யார் நம்ம ஆள்?' என்று விசாரணையை முடித்த பிறகுதான், போனால் போகிறதென்று ஒரு குரல் கொடுத்தாளாம். நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஆனால் அவளுடைய பார்வையை ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட எவரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஐம்பத்தோரு வயதில் அவள் பேருந்து டிப்போ கேன்டீனின் தலைமைச் சமையல்காரி. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று நூற்று நாற்பது பேருக்குப் பத்தொன்பது வருஷமாகப் பொங்கிப் போட்ட கை. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. அது அவளுக்கும் தெரியும். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டது என்பதைத்தான் பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

பால்காரர் பாலை ஊற்றிவிட்டு அப்படியே போய்விட முடியாது. முதல் டம்ளர் அவர் குடிக்க வேண்டும். முட்டைக்காரர் கொண்டுவரும் முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்பாள். முட்டை என்ன சொல்லும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் மேலும் சந்தேகம் வந்துவிடுமே. வீட்டிலோ, தையற்கடை வைத்திருக்கும் கணவர் ஒருநாள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றினார். "என்ன, இன்னிக்குப் பாட்டெல்லாம் வருது?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த மனுஷன் இருபது வருஷமாக மூக்கால்கூட ராகம் இழுத்ததில்லை.

வெள்ளிக்கிழமைதான் கேன்டீனில் கோழி. கோழிக்கடைக்காரரை அவள் துளிகூட நம்பவில்லை. அதனால் கோழியை ஏழு தண்ணியில் கழுவுவாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் அந்தத் தண்ணீரின் அடியில் காட்டித் திருப்பித் திருப்பித் தேய்ப்பாள். தண்ணீர் கோழியில் மோதிச் சுவரில் அடித்து, அவள் மேலும் தெறிக்கும். அந்தச் சத்தம் பணிமனை வரைக்கும் கேட்கும். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக், "வெள்ளிக்கிழமை வந்திருச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரைத் திருகுவார். "எங்கக்கா சமையல்ல குறை சொல்லலாம், சுத்தத்துல சொல்ல முடியாது" என்பது டிப்போவில் எழுதாத சட்டம்.

அவளுக்குக் கீழே வேலை செய்தது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுக் கொழுந்தன் படுக்கையோடு ஆனதிலிருந்து அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். இரண்டு வருஷத்துக்கு முன் இவளே மேனேஜரிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்ட மறுநாளே கண்காணிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஓரகத்தி காய் நறுக்கும் பலகை முதலில் அறையின் அந்தக் கோடியில், சாமான் அலமாரிப் பக்கம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இவளுக்கு ஒரு சந்தேகம். குப்பைக் கூடையில் வெள்ளரிக்காய்த் தோல் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. தோலோடு சேர்த்துப் பாதிக் காயையும் சீவித் தள்ளுகிறாளோ? முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே பலகையைத் தூக்கி, தான் நிற்கும் குழாய்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள்.

"இங்க வெளிச்சம் நல்லா வருதுடி" என்றாள்.

"அங்கயும்தான் வந்துச்சு" என்றாள் ஓரகத்தி. ஆனாலும் இடம் மாறி நின்றாள்.

மூன்றாவது வாரம் வினை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர், திங்கட்கிழமை ஆறு பேர், செவ்வாய்க்கிழமை காலையில் பதினாலு பேர். காய்ச்சல், வயிற்றை முறுக்கிப் பிழிகிற வலி, நிற்காத பேதி. சிலருக்கு ரத்தமும் போனது. ஒன்பதாம் நம்பர் பஸ் அன்றைக்குப் பயணிகள் கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்காமல், கழிப்பறை இருந்த இடத்திலெல்லாம் நின்று நின்று போனதாகவும், கடைசியில் டிரைவர் திரும்பி வருவதற்காகப் பயணிகளே தெருமுனையில் வரிசையில் காத்திருந்ததாகவும் சொல்கிறார்கள். அதே பஸ்ஸின் கண்டக்டர்தான் ரொம்ப மோசம். ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

டிப்போ மேனேஜர் கேன்டீனைப் பூட்டச் சொல்லிவிட்டார். எல்லோரையும் நிற்க வைத்து, "இது யார் கையால வந்ததுன்னு தெரியணும். அந்தக் கை இனிமே இந்த அடுப்படிக்குள்ள வரக்கூடாது. யாரா இருந்தாலும் சரி" என்றார். பேசும்போது அவர் கையும் வயிற்றின் மேல்தான் இருந்தது.

அவள் மனசு அழுகிற மனசு இல்லை, துருவுகிற மனசு. திங்கட்கிழமைத் தயிர் கொஞ்சம் புளித்திருந்தது. அப்படியானால் பால்காரர். இல்லை, முட்டைக்காரர் அன்றைக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் போனார்? இல்லை, தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவன் முழியே சரியில்லை. ஒரு நாளைக்குள் அவள் மனசுக்குள் ஏழு பேரைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

புதன்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, குரல் உயராத பெண்மணி. கையில் தடிமனான நோட்டு. அவர் திங்கட்கிழமைத் தயிரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"போன வாரம் என்னென்ன சமைச்சீங்கம்மா? வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்லுங்க."

"வியாதி வந்தது இப்ப. போன வாரத்தை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அவள். கேள்வியைப் பார்த்தாலே அவளுக்குச் சந்தேகம்.

"எல்லாரும் கடைசியாச் சாப்பிட்டதைத்தான் திட்டுவாங்க. ஆனா சில கிருமி உள்ள போய், குடல்ல இடம் பிடிச்சு, பெருகி, வேலையைக் காட்ட ரெண்டு நாள்லேர்ந்து அஞ்சு நாள் ஆகும். தயிர் பாவம், வாய் இருந்தா அழுதிருக்கும்."

இரண்டு நாள், மூன்று நாள் என்று விரல்விட்டுப் பின்னால் போனால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் கோழி. ஆய்வாளர் நோட்டில் எழுதிக்கொண்டே, "பச்சைக் கோழியிலதான் இது அதிகம் இருக்கும். கோழிக்கு ஒண்ணும் செய்யாது, நமக்குத்தான் செய்யும்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "என் கோழி முக்கால் மணி நேரம் கொதிச்சது. எலும்பு பல்லுல பட்டா உதிரும். அதோட, ஒன்பதாம் நம்பர் கண்டக்டர் கறியே தொடமாட்டார். பிறந்ததுலேர்ந்து தொட்டதில்ல. அவர்தான் ஆஸ்பத்திரியில கிடக்கறார். அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஆய்வாளரின் பேனா நின்றது. "அவர் என்ன சாப்பிட்டார்?"

"சோறு, பருப்பு." மூன்றாவது விரலை மடக்கினாள். "பச்சை வெள்ளரிக்காய், ரெண்டு தட்டு."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே பொறி தட்டியது. வெள்ளரிக்காய்! அடுப்பைப் பார்க்காத ஒரே பண்டம். அதை நறுக்கியது யார்?

ஆய்வாளர் வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வருவதாகச் சொன்னார். வழக்கமாகச் செய்வது போலவே தன் முன்னால் சமைத்துக் காட்ட வேண்டும், அதை யாரும் சாப்பிட வேண்டாம். போகிற வழியில், சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் கையிலிருந்து பேதி நிறுத்துகிற மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டார். "காய்ச்சலும் ரத்தமும் இருக்கும்போது இதை நீங்களா போடக்கூடாது. டாக்டரைப் பாருங்க. உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தை, காய்ச்சி ஆறின தண்ணியில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுக்கிட்டே இருங்க. உடம்புல தண்ணி வத்தறதுதான் ஆபத்து."

அவர் வாசலைத் தாண்டியதும் இவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், நான் யாரையும் சொல்லல. ஆனா வெள்ளரிக்காய் நறுக்கினது யாருன்னு மட்டும் பாருங்க."

யாரையும் சொல்லாமலே சொல்லி முடித்தாகிவிட்டது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, "உங்க சொந்தமாச்சேம்மா" என்றார்.

"சொந்தமா இருந்தா என்ன சார்? வயித்துக்குச் சொந்தம் தெரியுமா?"

"சரி. வெள்ளிக்கிழமையோட அவங்களை நிறுத்திடறேன்."

வெளியே வந்தவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. படுக்கையில் கிடக்கும் கொழுந்தனின் முகம் வந்து போனது. உறுத்தலுக்கு அவளிடம் இருந்த மருந்து ஒன்றுதான்: கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் உறுத்தாது. வியாழக்கிழமை காலையில் அதற்குப் பொறி வைத்தாள்.

கேன்டீன் அலமாரியில், ஒரு டிரைவரின் பிரிவுபசாரக் கேக்கில் பூ வரைவதற்கு வாங்கிய நீல நிறப் பொடி மிச்சம் இருந்தது. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஓரகத்தி வருவதற்கு முன்பே கேன்டீனைத் திறந்து, ஒத்திகைக்கென்று வாங்கிவந்த கோழித் துண்டுகளில் அதை அப்பிப் பாத்திரத்தை மூடி வைத்தாள். அவள் கணிப்பு இதுதான்: ஓரகத்தி போகிற போக்கில் கோழிப் பாத்திரத்தைத் தொட்டு நகர்த்துவாள், சோப்புப் போடாமல் வந்து வெள்ளரிக்காயைத் தொடுவாள், விரல் நீலமாகும், காய் நீலமாகும், கதை முடியும்.

"நாளைக்கு அந்த மேடம் வர்றாங்கல்ல. ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கலாம்டி. நீ வழக்கம்போல நறுக்கு."

ஓரகத்தி கையைக் கழுவிக்கொண்டு பலகை முன்னால் நின்றாள். இவள் தொட்டியில் நின்றாள். குழாயைத் திறந்தாள். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, ஏழாம் தண்ணி. கை பாட்டுக்குத் தேய்க்க, கண் ஓரகத்தியின் விரலை விட்டு அசையவில்லை. அந்த விரல் கோழிப் பக்கமே போகவில்லை. இருந்தும் கழுவி முடித்துக் குழாயை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தால், வெள்ளரித் துண்டுகளில் நீலம் நீலமாகப் புள்ளி.

"பிடிச்சேன்!" அவள் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது. "கையைக் காட்டுடி!"

ஓரகத்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை, விரலிடுக்கு, நகத்தடி எங்கும் நீலத்தின் சுவடு இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரகத்தியோ இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க மூக்குல நீலமா இருக்கு."

"என்னது?"

"மூக்குக் கண்ணாடியிலயும் இருக்கு. காதுலயும்."

அவள் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். குழாயின் கைப்பிடியில் நீலம். சுவர்க் கல்லில் நீலம். கவிழ்த்து வைத்திருந்த சுத்தமான தட்டுகளின் முதுகில் நீலம். உப்பு டப்பாவின் மூடியில், துடைக்கும் துணியில், அவள் ரவிக்கைக் கையில். அம்மை போட்டது போலத் தொட்டியைச் சுற்றிப் பொடிப்பொடியாக நீலம். பலகை மேல்தான் ரொம்ப நெருக்கமாக விழுந்திருந்தது.

அப்போதும் அவள் மனசு தன்னைச் சந்தேகப்பட மறுத்தது. காற்று! ஜன்னல் வழியாகக் காற்றடித்துப் பொடி பறந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினாள். எல்லாவற்றையும் துடைத்தாள். இன்னொரு கோழித் துண்டில் பொடியை அப்பி, மறுபடி ஏழு தண்ணி கழுவினாள். இந்தமுறை ஓரகத்தி கதவோரம் கைகட்டி நின்று பார்த்தாள். மறுபடியும் அதே நீலம். நீண்ட கரண்டியை வைத்து, நீலம் தெறித்த தூரத்தை அளந்தாள். ஒரு கரண்டித் தூரம், அதைத் தாண்டி அரைக் கரண்டி. பலகை முக்கால் கரண்டித் தூரத்தில் இருந்தது.

கொதித்த கோழியில் கிருமி செத்தது. கொதிக்காத வெள்ளரிக்காயில் அவளே கிருமியைத் தெளித்திருக்கிறாள், ஏழு தண்ணி ஊற்றி, வெள்ளி தவறாமல். பலகையை அந்தத் தண்ணீருக்குள் கொண்டுவந்து போட்டதும் அவள்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ஓரகத்தி. "கோழியில நீலம் எப்படி வந்துச்சு?"

இவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் தொடுவேன்னு வெச்சீங்களா?"

"ஆமா."

"சரி. முட்டைக்காரர், பால்காரர், உங்க வீட்டுக்காரர், எல்லார் மேலயும் பட்டாச்சு. எனக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? பட்டுட்டுப் போங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திடீரென்று அவள் கண் சுருங்கியது. "மேனேஜர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

பொய் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. துணி கையில் இருந்தது. நீலத்தைத் துடைத்துவிட்டு, பலகையைப் பழைய இடத்தில் போட்டுவிட்டால், நாளைக்கு வருகிற ஆய்வாளருக்கு எதுவும் தெரியப் போவதில்லை. அந்தத் துணியைப் பார்த்தபடியே சொன்னாள்: "சொல்லிட்டேன்டி. நேத்தே சொல்லிட்டேன்."

ஓரகத்தி இடுப்புத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, ஆணியில் மாட்டினாள். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளரும் மேனேஜரும் வந்தபோது அடுப்படி துடைக்கப்படாமல் நீலத்தோடு இருந்தது. ஆய்வாளர் கையில் ஆஸ்பத்திரிச் சோதனை முடிவு. கிருமிக்குக் கேம்பைலோபாக்டர் என்று பெயர் சொன்னார். மேனேஜர் அந்தப் பெயரை இரண்டுதரம் சொல்லப் பார்த்து, பாதியில் இறங்கிக்கொண்டார்.

"திருகாணி மாதிரி நெளிஞ்ச உடம்பு. நோய் வர ரொம்ப வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணியில இருக்கறதே போதும்" என்றார் ஆய்வாளர். அப்புறம்தான் சுவரைப் பார்த்தார். "இது என்னம்மா நீலம்?"

அவள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். பொடியை அப்பினாள், குழாயைத் திறந்தாள். இரண்டாம் தண்ணியிலேயே மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் நாலைந்து நீலப் பொட்டு விழுந்தது. அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

ஆய்வாளர் பலகையைத் தொட்டார். "இது எப்பவும் இங்கதான் இருக்குமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் வியாழக்கிழமையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

"இல்ல. மூணு வாரமா. நான்தான் மாத்தினேன். அவளைக் கண்காணிக்க." மேனேஜர் பக்கம் திரும்பினாள். "கோழி கழுவின கையும் இதுதான் சார், பலகையை நகர்த்தின கையும் இதுதான். முந்தாநாள் உங்ககிட்ட வந்து அவளைச் சொன்ன வாயும் இந்த ஆளோடதுதான். சொன்ன சொல்லைக் காப்பாத்துங்க. நான் போறேன், அவளை நிறுத்தாதீங்க."

மேனேஜர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசலில் எட்டிப்பார்த்த பசித்த முகங்களைப் பார்த்தார். இருவரும் போனால் நூற்று நாற்பது பேருக்குச் சோறு யார் போடுவது?

ஆய்வாளர்தான் பேசினார். "யாரை அனுப்பணும்னு நான் சொல்ல முடியாது சார். அடுப்படி எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்வேன். கோழியைக் கழுவவே கூடாது. கழுவினா கிருமி போகாது, இடம்தான் மாறும். தீயை நம்புங்க, உள்ள செவப்பு தெரியாம வேகட்டும். பச்சைக் கறிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை. அதைத் தொட்ட கைக்குச் சோப்பு. ஃப்ரிட்ஜுல கறி கீழ்த்தட்டுல, சொட்டினாலும் வேற எதுலயும் சொட்டாத மாதிரி. எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவிட்டுத் திறங்க."

ஒரு வழியாக மேனேஜர் தீர்ப்புச் சொன்னார்: ஓரகத்தி வேலையில் இருப்பாள், பச்சைக் கறி இனி அவள் பொறுப்பு. இவளும் இருக்கலாம், ஆனால் கறியைத் தொடக்கூடாது. காய்தான்.

ஆனால் ஓரகத்தி வர வேண்டுமே. அன்றைக்குச் சாயங்காலம் இவள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

"எதுக்கு வந்தீங்க?"

"கூப்பிடத்தான்."

"நீங்களா வந்தீங்களா, மேனேஜர் அனுப்பினாரா?"

"நானா வந்தேன்."

"பையில என்ன?"

"தம்பிக்கு ஆரஞ்சு."

ஓரகத்தி ஒரு பழத்தை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். "இதுல என்ன வெச்சிருக்கீங்க?"

உள்ளே படுக்கையிலிருந்து கொழுந்தனின் குரல்: "அண்ணியை உள்ள விடு. இல்லாட்டி ஆரஞ்சையாவது விடு."

ஓரகத்தி சிரிக்கவில்லை. "மேனேஜர் முன்னாடி, நான் இல்லைன்னு சொல்லிட்டீங்களா? இல்ல, சொல்லாமச் சொன்னீங்களா?"

"பேரைச் சொல்லியே சொன்னேன். மேடமும் கேட்டாங்க. வேணும்னா விசாரிச்சுக்கோ."

"விசாரிப்பேன்" என்றாள் ஓரகத்தி. சனிக்கிழமை போய் விசாரித்தும் பார்த்தாள். மேனேஜர், ஆய்வாளர் என்று இரண்டு இடத்திலும். அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோழி கடையிலிருந்து வந்து, கழுவப்படாமல் நேராகப் பாத்திரத்தில் இறங்கியது. அவள் கை தன்னையறியாமல் குழாய்ப் பக்கம் போனது. "அக்கா" என்று ஒரு குரல் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள். பலகை அலமாரிக் கோடிக்குப் போயிருந்தது. ஓரகத்தி இப்போது நிற்கிற இடத்திலிருந்து அந்தக் கோடி முழுதும் நன்றாகத் தெரியும். நாள் முழுக்க முதுகில் ஒரு பார்வை ஊர்வதை அவள் உணர்ந்தாள். இப்படித்தான் இருக்குமா இது என்று முதல்முறையாகத் தெரிந்தது. வெள்ளரிக்காயை நறுக்கினாள், தோலை மெல்லிசாகச் சீவி.

மதியம் ஒன்பதாம் நம்பர் கண்டக்டர் வந்தார். உடம்பு இளைத்து, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. சோற்றை வாங்கிக்கொண்டார், பருப்பை வாங்கிக்கொண்டார். வெள்ளரிக்காய்த் தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதை யார் நறுக்கினது?"

"நான்தான் அண்ணே" என்றாள் அவள்.

அவர் தட்டை ஒற்றை விரலால் அந்தப் பக்கம் தள்ளினார்.

அடுப்புப் பக்கமிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் நறுக்கினாங்க அண்ணே. காலையிலேர்ந்து கோழிப் பக்கம் வரல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க அண்ணே" என்றாள் அவள். "அவசரமே இல்ல."